கல்லடுப்பு இருந்த இடத்தில் ஐந்து ஸ்பீக்கர்

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் வருமோ, சரியாக அந்த உயரத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்திவிட்டு ரைமோ வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினான். அளவெடுக்கும்போது அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது, சத்தமும் கூடாது என்று கையேட்டில் போட்டிருந்தது. குளியலறை ஈரத்தரையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். உள்ளே ரிசீவர் பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சீழ்க்கையடிக்க வைத்துத் தூரத்தை அளந்துகொண்டிருந்தது. முன் இடது. நடு. முன் வலது. பின் வலதுக்கு வந்தபோது அவன் சட்டைப் பையில் கைபேசி அலறியது. 'சத்தம் அதிகம், மீண்டும் அளக்கவும்' என்று திரையில் எழுத்து ஓடியது.

போனில் அவன் மனைவி சொய்லி.

"ரைமோ, நாங்க ஈசால்மியில காப்பிக்கு நிறுத்தியிருக்கோம்."

"நாங்கன்னா? நீ ரயில்ல வர்றதா சொன்ன?"

"சம்பந்திங்க கார்லயே கொண்டாந்து விடறாங்க. மூட்டையைத் தூக்கிட்டு எதுக்கு ரயில் மாறி அலையறீங்கன்னு கலெர்வோ விடமாட்டேன்னுட்டாரு. இர்யாவும் வர்றாங்க. தங்கிட்டு நாளைக்குத்தான் கெளம்புவாங்க. நாலு மணிக்குள்ள வந்துடுவோம், சவுனாவைப் போட்டு வை."

ரைமோ கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான்.

"கேக்குதா? சவுனா. பதினாறு நாளாச்சு. விரல் ஒண்ணும் மடங்க மாட்டேங்குது."

"ம்," என்றான். "போட்டுடறேன்."

அவன் பார்த்துக்கொண்டிருந்த அந்த அறைதான் சவுனா. பதினைந்து நாளைக்கு முன்பு வரை. இரண்டு மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர். மூலையில் கல் நிரம்பிய மின்னடுப்பு, அதற்கு எதிரே உட்கார இரண்டடுக்குப் பலகை. சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பைப் போட்டு, கல் காய்ந்ததும் தண்ணீரை அள்ளி ஊற்றி, அந்த ஆவியில் வேர்த்து உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அடுப்பு இருந்த மூலையில் அடிச்சத்தத்துக்கான ஊஃபர் பெட்டி இருந்தது. பலகை இருந்த இடத்தில் சாய்வு நாற்காலி.

ரைமோவுக்கு ஐம்பத்தொன்பது வயது. மர அறுவை ஆலையின் எடைமேடையில் முப்பத்தோரு வருஷமாக லாரிகளை ஏற்றி இறக்குகிறவன். ஒழுங்கான மனிதன் என்று ஊரில் பெயர். ஆறு வீடுகளை ஒட்டிக் கட்டிய அவர்கள் குடியிருப்புக்குச் சங்கத் தலைவனும் அவன்தான். சுவரில் ஆணி அடிப்பதற்கு மேலாக யார் எது செய்தாலும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று விதியைக் காட்டுகிறவன்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை நெடுநாளாக இருந்தது. பத்தொன்பது வயதில், ராணுவப் பயிற்சியிலிருந்து லீவில் போனபோது ஹெல்சிங்கியில் ஒரு படம் பார்த்தான். தலைக்குப் பின்னால் ஹெலிகாப்டர் வந்த சத்தத்துக்கு உண்மையாகவே திரும்பிப் பார்த்துவிட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது. அவனுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை, சத்தம்தான் மனதில் நின்றது. அப்படி ஒன்று வீட்டில் வேண்டும். ஆனால் கூடத்தில் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், மறுபக்கம் சமையலறைக்குத் திறப்பு. பின் ஸ்பீக்கருக்குச் சுவர் இல்லை. மகள் ஹென்னாவின் பழைய அறை பேரப்பிள்ளைக்கென்று ஆகிவிட்டது, தொட்டில்கூட வந்தாயிற்று. "ஸ்பீக்கரா? நான் செத்ததுக்கப்புறம் வெச்சுக்கோ," என்று சொய்லி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

சவுனாவுக்கு நான்கு பக்கமும் மரப்பலகைச் சுவர். ஜன்னல் இல்லை. தெருச் சத்தம் எட்டாது. மேல் பலகையில் சொய்லியின் பக்கத்தில் அம்மணமாக உட்கார்ந்து எத்தனையோ சனிக்கிழமைகள் அந்த அறையை அவன் மனதால் அளந்திருக்கிறான். பள்ளிக்கூடச் சமையலறையில் வாரம் முழுக்க நானூறு பிள்ளைகளுக்கு அண்டா தேய்த்த கையை அவள் சூட்டில் விரித்து மடக்கி, விரித்து மடக்கிக்கொண்டிருப்பாள். அவனோ, அடுப்பு இல்லாவிட்டால் நடு ஸ்பீக்கர் எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

ஹென்னாவுக்குப் பிள்ளை பிறந்து சொய்லி ஔலுவுக்கு ரயிலேறிய மறுநாளே கல்லையெல்லாம் வாளி வாளியாக அள்ளி சைக்கிள் கொட்டகையில் கொட்டினான். மின் இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் கழற்ற வேண்டும் என்பது சட்டம். அவனே கழற்றினான். பலகைகளை அறுத்துக் குப்பைக்கிடங்கில் போட்டான். தினமும் ஆறு மணிக்குச் சொய்லி கூப்பிட்டுக் குழந்தை தும்மியதைச் சொல்வாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். வந்து பார்த்தால் அவளுக்கே பிடித்துப்போகும் என்றும் சொல்லிக்கொண்டான். பிடிக்காது என்று தெரிந்ததால்தானே சொல்லாமல் இருக்கிறோம் என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டான்.

இப்போது இரண்டு மணி நேரம்தான் இருந்தது. தூரத்திலிருந்து வருகிற சம்பந்தியைக் காய்ந்த சவுனா இல்லாமல் எந்த வீட்டிலும் வரவேற்பதில்லை. ரைமோ பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

ஹில்க்கா எழுபதைத் தாண்டியவள், தனியாக இருக்கிறாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு சுவரில் சூடேற்றும் இயந்திரம் மாட்ட அனுமதி கேட்டபோது, வரைபடம் சரியில்லை என்று ரைமோ அவளை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தான்.

"எங்க அடுப்பு கெட்டுப்போச்சு, ஹில்க்கா. சம்பந்திங்க வர்றாங்க. இன்னிக்கு சாயங்காலம் ஒருநாள் உங்க சவுனாவை..."

"அனுமதிப் படிவம் ஏதாச்சும் நிரப்பணுமா, தலைவரே?"

அவன் காலணியைப் பார்த்தான்.

"வரைபடமும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டீங்கன்னா நல்லது. ரெண்டு நகல்." அவள் கதவை அகலத் திறந்தாள். "சும்மா சொன்னேன், உள்ள வாங்க. இதுக்குப் போயி மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? ஒரு வாரமா சுவத்துல துளை போடுற சத்தம் கேட்டுச்சே, அடுப்பைத்தான் ரிப்பேர் பண்ணிட்டிருந்தீங்களா?"

"ஆமா," என்றான் ரைமோ.

"பாவம். இவ்வளவு பாடுபட்டும் சரியாகலையே."

அவள் அப்போதே போய் அடுப்பைப் போட்டாள். அவன் வீட்டுக்கு வந்து படுக்கை விரிப்புகளை எடுத்து நனைத்து, துணி காயப்போடும் சட்டத்தில் விரித்து, சவுனாவின் கண்ணாடிக் கதவை மறைத்து நிறுத்தினான்.

நாலு மணிக்குக் கார் வந்தது. சொய்லி இறங்கும்போதே பையை விரலால் பிடிக்காமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். ரைமோ அதைப் பார்த்தான்.

"அடுப்பு கெட்டுப்போச்சு," என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே. "ஹில்க்கா வீட்டுல காய்ஞ்சுட்டிருக்கு."

"போன்ல போடறேன்னியே?"

"அதுக்கப்புறம்தான் கெட்டுது."

சொய்லி அவனை ஒரு தடவை பார்த்தாள். இர்யா காப்பி குடித்துக்கொண்டே குழந்தைப் படங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றாள். அதனால் ஆம்பிளைகள் முதலில் போகட்டும் என்று முடிவாயிற்று.

கலெர்வோ அதிகம் பேசாதவர். அகலமான முதுகு, பெரிய கை. ஹில்க்காவின் மேல் பலகையில் உட்கார்ந்து ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். ஆவி எழுந்து இருவர் காதையும் சுட்டது.

"அடுப்பு நல்லா இருக்கு," என்றார். "ஆறு வீட்டுக்கும் ஒரே தடவையில போட்டிருப்பாங்க. உங்களோடதும் இதேதானே?"

"ம்."

"அப்ப கம்பிச் சுருள்தான் போயிருக்கும். கருவிப்பை வண்டியிலேயே கெடக்கு. குளிச்சிட்டுப் போனதும் ஒரு பத்து நிமிஷம் பார்த்துடறேன்."

"வேணாம். விருந்துக்கு வந்திருக்கீங்க."

"இருக்கட்டும். நாப்பது வருஷம் கரண்ட் வேலை பார்த்தவன் நான். பக்கத்து அறையில கெட்ட அடுப்பு இருந்தா எனக்குத் தூக்கம் வராது, சம்பந்தி."

ரைமோ முழங்கால்களுக்கு நடுவே வேர்வை சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடுத்திக்கொண்டு வாசலில் நின்று சொன்ன பொய், இங்கே, அடுத்தவள் வீட்டுச் சூட்டில், அடுத்தவள் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கையில் வாயில் நிற்கவில்லை.

"அடுப்பு கெடல," என்றான். "நான்தான் எடுத்துட்டேன். அங்க ஹோம் தியேட்டர் வெச்சிருக்கேன்."

கலெர்வோ திரும்பவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினார். கல் சீறி அடங்கும் வரை காத்திருந்தார்.

"மூணு பேஸ் லைனை யாரு கழட்டினது?"

"நான்தான். மெயினை அணைச்சிட்டுத்தான்."

"ஒயர் நுனியெல்லாம்?"

"டேப் சுத்தியிருக்கேன்."

"டேப்பு," என்றார் கலெர்வோ, நாக்கில் ஏதோ கசந்ததுபோல. பிறகு, "சொய்லிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படின்னா அவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது." அவர் கீழே இறங்கி, ஆறுவதற்காக வெளிப்படிக்குப் போய்விட்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் ரைமோ குளியல் அங்கியோடு முற்றத்தைக் கடந்தான். உள்ளே போனால் சமையலறை மேஜையைச் சுற்றி இர்யாவும், இரண்டாவது சுற்றுக்கு அழைக்க வந்த ஹில்க்காவும் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். சொய்லி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் சவுனாவில் விரித்து உட்காரும் லினன் துணி இருந்தது. அது குளியலறையில், காயப்போட்ட விரிப்புகளுக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் எப்போதும் தொங்கும்.

யாரும் சொல்லாமல் தானாக ஒருநாளும் விரிப்பு துவைக்காத மனிதன் வீட்டில் மூன்று விரிப்பு ஈரமாகத் தொங்கினால் எந்தப் பெண்டாட்டியும் விலக்கித்தான் பார்ப்பாள்.

"தலைவர் வந்தாச்சு," என்றாள் ஹில்க்கா. "சூடு எப்படி? நான் சொல்லிட்டிருந்தேன், இந்த மனுஷன் பாவம் ஒரு வாரமா அந்த அடுப்போட மல்லுக்கட்டிட்டிருந்தாருன்னு."

"அது பழைய அடுப்பு," என்றாள் சொய்லி. "எப்ப வேணா போகும்னு தெரிஞ்சதுதான். புதுசு வாங்கணும்."

அவள் ரைமோவைப் பார்க்கவில்லை. துணியின் மடிப்பைப் பார்த்துக்கொண்டு, சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கோபிப்பாள் என்று தெரிந்தும் மழுப்பாமல் உள்ளதைச் சொல்லிவிடுகிறவள். இப்போது சம்பந்தியம்மா முன்னால் அவனுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு, அது எப்படி விழுந்ததென்று பார்க்கக்கூட நிமிராமல் நிற்கிறாள். கலெர்வோ பின்னால் வந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், அதைத் தவிர உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல.

"அடுப்பு பழசாகல," என்றான் ரைமோ. "கெடவும் இல்ல. நல்லா இருந்ததை நான்தான் கழட்டிட்டேன். பலகையையும் அறுத்துட்டேன். உள்ள அஞ்சு ஸ்பீக்கர் வெச்சிருக்கேன், சினிமா பார்க்க. சொய்லிகிட்ட கேக்கல. ஹில்க்கா, உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன். அனுமதியும் வாங்கல."

இர்யா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "சவுனாவுலயா?" என்றாள். கோவிலில் மாடு கட்டியிருக்கிறேன் என்று யாரோ சொன்னதைக் கேட்டவள் முகம் அது.

ஹில்க்காவுக்குச் சிரிப்பு வந்தது. சொய்லியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"தினமும் ஆறு மணிக்குப் பேசினோம்," என்றாள் சொய்லி. "பதினாறு நாள்."

"ஆமா."

"இன்னிக்கு மத்தியானம்கூட."

"ஆமா."

அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அங்கியின் கயிற்றை இறுக்கினான், அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"இர்யா, வாங்க," என்றாள் சொய்லி. "சூடு போயிடும்."

மூன்று பெண்களும் போனார்கள். கலெர்வோ வண்டியிலிருந்து கருவிப்பையை எடுத்துக்கொண்டு வந்து, எதுவும் கேட்காமல் ஈர விரிப்புகளை ஒதுக்கிவிட்டுச் சவுனாவுக்குள் நுழைந்தார். ஊஃபரை நகர்த்திவைத்து, மண்டியிட்டு, ரைமோ சுற்றிய டேப்பைப் பிரித்தெறிந்துவிட்டு ஒவ்வொரு ஒயர் நுனிக்கும் முறையான மூடி போட்டார். ரைமோ கதவருகே நின்றான். நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை.

கலெர்வோ தலையைத் தூக்கிக் கவனித்தார்.

"இது இப்ப ஓடுதா? பின்னாடி ஸ்பீக்கர்லேருந்து ஏதோ சத்தம் வருதே?"

"அது ஸ்பீக்கர் இல்ல," என்றான் ரைமோ. "ஹில்க்கா வீட்டுச் சவுனா. ரெண்டுக்கும் நடுவுல இந்தச் சுவர்தான்."

கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது. பலகை கிறீச்சிட்டது. இர்யாவின் குரல் ஏதோ கேட்டது, வார்த்தை புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ரைமோ நினைத்தான். பேசட்டும், திட்டட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பிறகு சொய்லியின் குரல், சுவரை ஒட்டி, மிகத் தெளிவாக வந்தது.

"இருங்க, இப்பத்தான் கொஞ்சம் மடங்குது. இந்தச் சுண்டுவிரலைப் பாருங்க. இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க, ஹில்க்கா."

அவனைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை.

கலெர்வோ பையை மூடிக்கொண்டு எழுந்தார். நான்குமுனைத் திருப்புளி ஒன்றை மட்டும் எடுத்து நாற்காலிக் கையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ரைமோ பின் சுவர் ஸ்பீக்கரிலிருந்து கழற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு திருகும் அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி, கையாலேயே, மெதுவாக.