புதினா மூடிய பொட்டலம்

"சமூதியோவுக்குத் தினமும் காலையில என்ன இடிச்சுத் தர்றீங்க?" என்று கேட்டாள் மிர்னா.

"தண்ணியில போட்டுக் குடிக்க இலை." மூலிகை விற்கும் எர்மெலிந்தாவின் உலக்கை நிற்கவில்லை.

"எந்த இலைன்னு கேட்டேன்."

"பச்சை இலை."

"நாட்டுக்கு அதிபராகப் போறேன்னு நிக்கிறவர். அவருக்கு என்ன நோவுன்னு ஓட்டுப் போடறவங்களுக்குத் தெரிய வேண்டாமா, அம்மா?"

"தெரியணும்தான். போய் அவரையே கேளு. மேடையில மூணு மணி நேரம் பேசற மனுஷன், இதைச் சொல்ல மாட்டாரா?"

மிர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அலுவலகத்தில் சொல்லச் சொன்னதைச் சொன்னாள்: "சந்தைக்குள்ள கூரையும் குழாயும் இருக்கிற கடை ஒண்ணு உங்களுக்குக் கிடைக்கும்."

"போன செவ்வாய்க்கிழமை சமூதியோவோட ஆள் வந்தான். அவன் சொன்ன கடையில மின்விசிறிகூட இருந்துச்சு."

"அவங்க எதுக்கு வந்தாங்க?"

"உங்க ஐயாவுக்கு என்ன தர்றேன்னு கேட்கத்தான்."

சமூதியோவை எதிர்த்து நிற்கும் தன் தலைவர் கபானியாஸும் இங்கே இலை வாங்குகிறார் என்பதே மிர்னாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. "என்ன சொன்னீங்க?"

"பச்சை இலைன்னு."

மிர்னாவுக்குக் கபானியாஸின் பிரசார அலுவலகத்தில் வேலை. அவருடைய ஸ்பானியப் பேச்சைக் கிராமக் கூட்டங்களுக்காகக் குவாரனி மொழியில் எழுதித் தருவாள். தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தலைநகர் அசுன்சியோனில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது மருத்துவருக்கு முன்னால் மூலிகைக்காரிக்குத் தெரிந்துவிடும். எல்லாரும் குடிக்கும் குளிர்ந்த தெரெரே பானத்தில் சேர்க்கும் இலையை ஆளுக்கு ஏற்றபடிதான் இடித்துத் தருவார்கள். வாங்க வருகிறவர் குனிந்து காதோடு நோவைச் சொல்வார். எர்மெலிந்தா சந்தைக்கு வெளியே அந்த நடைபாதை மூலையில் முப்பத்தொரு வருஷம் காது கொடுத்தவர். மேடையேறுமுன் வாந்தி எடுத்தவர்கள், தூக்கம் போன மனைவிகள் என்று ஆறு தேர்தல் அவர் உரலுக்குள் போயிருந்தது.

தேர்தல் வந்துவிட்டால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தப் பொட்டலமானாலும் மேலே ஒரு பிடி புதினா. தலைவருக்கும் அதுதான், மீன்காரிக்கும் அதுதான். பிறகு எதை மோந்தாலும் புதினாதான் மணக்கும்.

"சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று மிர்னா அலுவலகத்தில் வந்து சொன்னாள். மேலாளர் "அப்படியா" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அவள் அந்த மூலைக்கு ஓடினாள். இலை பரப்பும் மேசை இல்லை. நடைபாதையில் மேசை போட அனுமதி இல்லையென்று நகராட்சி ஆட்கள் நாலு பேர் வந்து தூக்கிப் போயிருந்தார்கள். கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, தரையில் உரலை வைத்து எர்மெலிந்தா இடித்துக்கொண்டிருந்தார். முன்னால் சமூதியோவின் ஓட்டுநர் குடுவையோடு நின்றான்.

"என்னாச்சு, எர்மெலிந்தா அம்மா? யார் பண்ணினது? சொல்லுங்க, எங்க ஐயாகிட்டச் சொல்றேன். நாளைக்கே பேப்பர்ல வந்துடும்."

மிர்னா பக்கத்திலேயே நின்றாள். அவளைக் காட்டி ஒரு வார்த்தை போதும். மேசை திரும்பி வரும், மின்விசிறி வைத்த கடையும் வரும்.

"மேசைக்குக் கால் ஆடிச்சு" என்றார் எர்மெலிந்தா. "தச்சன்கிட்டப் போயிருக்கு. உங்க ஐயாவை வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லு."

ஓட்டுநர் போனான். மிர்னா எத்தனையோ தலைவர்களுக்கு அருகில் நின்றவள். யாருக்கு முன்னாலும் அவள் இப்படிக் கூசி நின்றதில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"நல்லவேளை வந்த" என்று எர்மெலிந்தா முந்திக்கொண்டார். "தினமும் வாங்கிட்டுப் போற உங்க ஐயாவோட அக்கா இன்னைக்கு வரலை. ஐயாவுக்கு மத்தியானம் கூட்டம் இருக்கு. இது இல்லாம அவரால நிக்க முடியாது." கசங்கிய தாளில் கட்டிய பொட்டலத்தை நீட்டினார். அது ஈரமாகவும் கனமாகவும் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன், பொண்ணே. நீ காட்டுப் பக்கம் பிறந்தவ, வாசனையிலேயே இலைக்குப் பேர் சொல்லிடுவ. இன்னைக்குப் புதினா இல்ல, எல்லாம் மிதிபட்டுப் போச்சு. பஸ்ல சன்னல் ஓரமா உட்காரு. கண்ணாடியைத் திறந்து வச்சுக்கிட்டே போ."