சல்லிக் கோயிலில் பெண் பார்த்த வெள்ளிக்கிழமை

கொழும்பில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து எழுபதுகளில் திருகோணமலைக்குத் திரும்பிய நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கடைசி வருடம் நான் விரும்பி எடுத்த பாடம் மனிதப் பாலியல். உடல், ஆசை, பிள்ளைப்பேறு, இவற்றைச் சுற்றி நாம் கட்டிவைத்திருக்கும் வெட்கம் எல்லாம் அதில் இருந்தன. வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் அம்மா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்துவார்.

என்னோடு படித்தவர்களில் சிலர் ஆசிரியர்களானார்கள், ஒருத்தி ஆஸ்பத்திரியில் ஆலோசகராகச் சேர்ந்தாள். எனக்குத் திருகோணமலை நகரிலேயே, ஓர்ஸ் ஹில் பகுதியில், ஒரு குடும்பத் திட்டமிடல் நிலையத்தில் வேலை கிடைத்தது. வரும் தம்பதிகளோடு கதைக்க வேண்டும். திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மாவோ அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே என்னைப் பெண் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது கோயிலில். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல நடிப்பார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லையாம். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா என் காதுக்குள் ஓதிக்கொண்டே வந்தார்.

"கேட்டால் சயன்ஸ் எண்டு மட்டும் சொல்லு. இந்தச் சம்பந்தம் குழம்பினால் உனக்குப் பிறகு ஒண்டும் வராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடியா படித்தேன்?

கோயில் வீதியில் காய்ந்த மீன் வாடை. மாப்பிள்ளையின் தாய் கால் கழுவும் சாக்கில் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

"பிள்ளை என்ன படிச்சனீங்கள்?"

சொல்லிவிட்டேன். வேலையையும் சொன்னேன். சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ர மகள் கலியாணம் முடிச்சுக் கனகாலம். பிள்ளை இல்லை. அவளைத்தான் எல்லாரும் பேசுகினம். செய்யாத மருந்தில்லை."

"உங்கட மருமகனைச் சோதிச்சுப் பாத்ததோ?"

"ஆம்பிளையைச் சோதிக்கிறதோ?"

"ஓம். குறை அவரிலயும் இருக்கலாம். ரெண்டு பேரையும் பாக்கோணும்."

அவர் என் கையைப் பிடித்தார், உடனே விட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு, தெரியாதவர்போல நடந்து போனார்.

மறுநாள் தரகர் வந்தார். இப்படியான படிப்புப் படித்த பெண் தங்கள் குடும்பத்துக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா அழுதார். கோயிலில் தூரத்தில் நின்று பார்த்த அந்த மாப்பிள்ளையை எனக்குப் பெரிதாகப் பிடிக்கவுமில்லை, ஆனாலும் நெஞ்சு எரிந்தது. படுத்தேன், எழும்பினேன், கடற்கரை வரை நடந்து போய்த் திரும்பினேன். வேலையை விட்டுவிடு, வேறு இடத்திலாவது பார்க்கலாம் என்று அம்மா கெஞ்சினார். ஏலாது என்றேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் அந்தத் தாய் மகளோடு என் அறைக்குள் வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைக் காட்டியிருப்பேன். மகள் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். இருங்கோ என்றேன்.

தாய் இருக்கவில்லை.

"மருமகன் வெளியில நிக்கிறார், பிள்ளை. வரமாட்டன் எண்டவர். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான். உள்ளுக்கு வரச் சொல்லவோ?"