எடுத்து ஒட்டிய வரிகள்

வெப்சைட் செய்யும் தொழிலில் டிசைன் பாதி வேலைதான். கடைக்காரர்களிடம் "உங்க கடையைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க" என்று கெஞ்சுவது மீதி. தென்காசியில் ஏழு வருடமாக இதைச் செய்கிறேன். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த நாலு வரி வரவே வராது. "வேற சைட்டுல இருந்து எடுத்துப் போட்டுக்கோங்க மேடம்" என்பார்கள். நானும் போட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். சீசன் தொடங்க நாலே நாள். வேறொரு மலை ஊர் ஓட்டலின் பக்கத்தை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். 'ஜன்னலைத் திறந்தால் ஏரி, மாலையில் படகு சவாரி' என்ற வரி என் கண்ணில் படவே இல்லை.

முதல் சனிக்கிழமையே மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, பெட்டியோடு கீழே இறங்கிவிட்டது. லாட்ஜ் அண்ணாச்சி என்னைப் போனில் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் தூக்கிவாரிப் போட்டது. நிதானமாகச் சொன்னார்: "ஏரி எங்கனன்னு கேட்டு உக்காந்திருக்காவ. நீங்களே ஒரு எட்டு வந்து காட்டிட்டுப் போங்கம்மா."

தறியில் இருந்தவர்

கடையநல்லூரில் ஒரு லுங்கிக் கடை. 'எங்கள் நெசவாளர்' என்று போடுவதற்கு, இணையத்தில் கிடைத்த ஒரு பெரியவரின் படத்தை எடுத்தேன். யாரோ, எந்த ஊரோ என்று நினைத்தேன்.

பதினைந்து நாள் கழித்து அதே முகம் என் ஆபீஸ் வாசலில் நின்றது. அவரும் கடையநல்லூர்தான், வேறொரு கடைக்கு இருபது வருடமாக நெய்கிறவர். படத்தைப் பார்த்த அவருடைய முதலாளி, ஆள் அந்தப் பக்கம் போய்விட்டார் என்று நினைத்து நூல் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். படத்தை அப்போதே நீக்கிவிட்டு, அவரோடு போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். நூல் கிடைத்தது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே பெரியவர் கேட்டார்: "என் மூஞ்சியை எடுக்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாம்மா?"

பட்டியலில் ஒரு வரி

இதை நான் இதுவரை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. தென்காசிக்கு வெளியே ஒரு சின்ன கிளினிக். காய்ச்சல், சளி பார்க்கிற டாக்டர். அவருடைய வெப்சைட்டுக்கு, நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றின் சேவைப் பட்டியலை அப்படியே ஒட்டினேன். டாக்டரும் படித்துப் பார்க்கவில்லை, நானும் படிக்கவில்லை. அதில் பாம்புக்கடிச் சிகிச்சையும் இருந்தது.

ஒரு மத்தியானம் ஆய்க்குடிப் பக்கம் வயலில் நின்றவரைப் பாம்பு கடித்துவிட்டது. அவர் மனைவி போனில் தேடி, பக்கத்தில் இருப்பதாகக் காட்டிய அந்தக் கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார். விஷமுறிவு மருந்து அங்கே கிடையாது. டாக்டரே தன் காரில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இருபது நிமிடம் வீணாகியிருந்தது.

டாக்டர் போனில் நடந்ததைச் சொன்னார். வரியை நீக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடுத்த இரண்டு நாளும் போனேன். மூன்றாம் நாள் கடிபட்டவர் கண் திறந்தார். அதன் பிறகுதான், அந்த வரியைப் போட்டது நான் என்று அவர் மனைவியிடம் சொல்ல எனக்கு வாய் வந்தது. அந்த அம்மா சத்தம் போடாமல் கேட்டார்: "போட்டிருக்குன்னுதாம்மா வந்தோம். இல்லாததை எதுக்கு எழுதுதீங்க?"

இப்போதெல்லாம் நோட்டும் பேனாவுமாக நானே ஒவ்வொரு கடையிலும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறேன். என்னைக் கண்டதும் அவர்கள் முகத்தில் வருகிற எரிச்சல் உட்பட எல்லாமே அந்தந்தக் கடையின் சொந்தச் சரக்கு.