இரண்டு மணி மாத்திரை

என் அக்காவுக்கு மதியம் இரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. "எல்லாம் விதி" என்பார்கள். விதியாவது மண்ணாவது.

கழுத்தில் நெறிகட்டியது போல ஆரம்பித்து, புற்றுநோய் என்று முடிந்தது. ஆஸ்பத்திரியில் மஞ்சள் நிற மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். அது கட்டியோடு சேர்த்து நல்ல உடம்பையும் தின்கிற மருந்து. அதை முறிக்க இன்னொரு மருந்து. முதலில் ஊசியாகப் போட்டார்கள். பிறகு, மிச்சத்துக்கு மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. காலையில எட்டு, மதியம் ரெண்டு, ராத்திரி எட்டு, மறுபடி ரெண்டு. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்க. வாந்தி எடுத்தா உடனே போன் பண்ணுங்க. நேரம் தள்ளக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

"நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா, அக்காவின் கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மாத்திரைகளைத் தன் கட்டிலோரத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அவருக்குத் தூக்கம். சியஸ்த் என்பார். எங்கள் ஊரில் பாதிக் கடைகள் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கின்றனதான். ஆனால் அவர் வீட்டில் வாசல் மணியின் சுவிட்சே அணைந்திருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அந்த நேரத்தில் ஒரு பாத்திரம் கழுவியதில்லை, சத்தம் வருமாம்.

நான் லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்கூட்டரில் வந்து மதிய மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"அந்த நேரத்துல வந்து மணி அடிச்சினு இருக்காதம்மா. எனக்குக் கணக்கு தெரியும்" என்றார்.

ராத்திரி இரண்டு மணி மாத்திரைக்கு மட்டும் அலாரம் வைத்து எழுந்தார். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லவும் செய்தார். தெருவே மெச்சியது. கொடுத்துவைத்தவள் என்றார்கள் அக்காவை.

ஒரு வாரம் போகவில்லை. அக்காவின் வாயெல்லாம் வெந்து, எச்சில் விழுங்க முடியாமல், காய்ச்சலோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாத்திரையெல்லாம் நேரத்துக்குக் கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணு கூட விடல டாக்டர். மதியத்தோடத ராத்திரி எட்டு மணி மாத்திரையோட சேத்துக் குடுத்துடுவேன். ஒரு நாளைக்கு நாலு. கணக்கு சரியாப் போச்சே."

"நாலு மாத்திரை இல்லைங்க, நாலு வேளை" என்றார் டாக்டரம்மா. "அந்த இடைவெளியிலதான் மருந்து உடம்ப அறுக்குது." மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இதை முதலிலேயே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டாமா என்று அந்தப் பெண்ணிடமே சத்தம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீயாவது கேட்டு வாங்கியிருக்கலாமேக்கா. தூங்கிட்டியா?"

வெடித்த உதடு அசைய அவளுக்கு நேரம் பிடித்தது. "முழிச்சினுதான் இருந்தேன். கடியாரத்தையே பாத்துனு இருந்தேன். அவரு தூங்கினு இருந்தாரு. எப்பிடிடீ எழுப்பறது?"

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மெதுவாகப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினாள். சாகக் கிடக்கும்போதும் யாருடைய தூக்கமோ கெட்டுவிடப் போகிறதாம் அவளுக்கு. அவள் மேலும்தான் கோபம், மறைக்க மாட்டேன்.

அவள் வீடு திரும்பவில்லை.

காரியத்தன்று இலை எடுத்ததும் உறவுக்காரர்கள் கலைந்தார்கள். பாவம் மனுஷன், ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. நான் கிளம்பச் செருப்பைத் தேடியபோது, வாசல் மணியின் சுவிட்ச் அன்றும் அணைந்திருப்பதைப் பார்த்தேன்.

அதைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று, மணியின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். எடுக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாமா பனியனோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு பதறி ஓடி வந்தார்.

"என்னாச்சு? என்னாச்சு?"

"மணி ரெண்டு ஆச்சு, மாமா" என்றேன்.