ஒற்றைக் கைக்கு ஒரு கத்தி உறை: காத்தான்குடிக் கடைகளில் அரை நாள்

போர் முடிந்த மறு வருடம், ஆனி மாதத்தில் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு கொழும்பிலிருந்து குருக்கள்மடத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கடலில் குளித்து, வாவி என்று நாங்கள் சொல்லும் கடலேரிப் பக்கம் நாலு படம் எடுத்து, மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் திட்டம். போன இடத்தில் கத்தி உறை செய்யும் வேலை தலையில் விழுந்தது. என் சமையல் கத்திகளுக்கு நான் செய்த பிளாஸ்டிக் உறைகளின் படத்தைப் பார்த்துவிட்டு, மட்டக்களப்புப் பக்கம் மலிவாகச் சாமான் எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

அக்காவின் கணவர், எங்கள் அத்தானுக்கு இடது கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். சுனாமி அவருடைய தோணியைக் கொண்டுபோனது, பிறகு ஒரு ஷெல் குண்டு கையைக் கொண்டுபோனது. நிவாரணத்தில் புதுத் தோணி கிடைத்தது. வாவியில் வலை போட இப்போது தடையும் இல்லை. துடுப்பைக் கக்கத்தில் இடுக்கி வலித்துவிடுவார், வலையை முழங்கையில் சுற்றி இழுத்துவிடுவார். வலை சிக்கினால் அறுக்கிற கத்தியை வைக்கத்தான் வழியில்லை. துணி உறையிலிருந்து இழுத்தால் உறையும் சேர்ந்து வரும். பிடித்துக்கொள்ள மற்றக் கை வேண்டுமே! ஆகவே மனிதர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

நான் வருவதற்கு முந்திய கிழமை, காலில் வலை சுற்றி வாவிக்குள் விழுந்திருக்கிறார். கத்த வாயைத் திறக்க, கத்தி அடியில் போய்விட்டது. பக்கத்துத் தோணிக்காரர் வலையை அறுத்துத் தூக்கியதால் உயிர் மிஞ்சியது. அன்றைக்கே அக்கா துடுப்பைக் கொண்டுபோய் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

“பல்லில கத்தியக் கடிச்சித்துப் போற மனிசன நான் விடமாட்டன் கா,” என்றாள் என்னிடம். “கத்தி இடுப்பில நிக்கோணும். தலகீழா விழுந்தாலும் நிக்கோணும். ஒத்தக் கையால எடுக்கவும் ஏலணும். மறுகா எங்க வேணுமெண்டாலும் போகட்டும்.”

அத்தான் காலையும் மாலையும் கரைக்குப் போய்த் தோணியைத் தடவிவிட்டு வருவார். பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. இளநீர் வெட்ட அவர் கத்தி கேட்டால், அக்கா அதைத் தரையில் வைப்பாள், அவர் குனிந்து எடுப்பார். கோபத்தில் இல்லை. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

தோல் உறை வாவியின் உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அழுகிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் சூடாக்கி வளைத்துச் செய்கிற பிளாஸ்டிக் தகட்டைத் தபாலில் எடுப்பிக்கிற காசுக்கு ஒரு வலையே வாங்கலாம். சுனாமி நேரம் தண்ணீர் வைக்கக் கொடுத்த நீலப் பிளாஸ்டிக் பரல், அதுதான் பீப்பாய், ஒன்று வீட்டு வளவில் உடைந்து கிடந்தது. இலவசமாயிற்றே என்று துள்ளிக்கொண்டு அதை வெட்டி, நெருப்பில் வாட்டி, மடித்து உறை செய்தேன். என்ன அழகு! தோணியின் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால், வெயிலில் முதலை வாய் மாதிரித் திறந்து, தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். பி.வி.சி. பைப் அப்படியில்லை, வளைத்துக் குளிரவிட்டால் சொன்ன இடத்தில் நிற்கும். சந்தேகமென்றால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். பரல் துண்டு மிதக்கும், பி.வி.சி. தாழும்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டியில் புறப்பட்டேன். காத்தான்குடிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் வரும். கிரான்குளம், தாழங்குடா, ஆரையம்பதி என்று நேர் ரோட்டு, நூறு ரூபாப் பெற்றோல் தாராளம். சோதனைச் சாவடிகள் இன்னும் இருக்கின்றன, ஆகவே உண்மைக் கத்தியைக் கொண்டுபோகாதீர்கள். நான் அதே அளவில் பலகையில் ஒரு கத்தி வெட்டிக்கொண்டு போனேன். பையைத் திறந்து பார்த்த ஆமிக்காரப் பொடியன், “சின்னப் பிள்ளைக்கா?” என்று சிரித்தான். “ஓம், எங்கட வீட்டில ஒராள் இரிக்கிறார்” என்றேன். அத்தான் கேட்டிருந்தால் ஒரு கிழமைக்கு என்னோடு பேசமாட்டார்.

காத்தான்குடி பிரதான வீதியில் ஹாட்வெயார் கடைகளுக்குக் குறைவில்லை. முதல் இரண்டில் முழுப் பைப்தான் தருவோம் என்றார்கள். மூன்றாவது, மழைக்கு மூடுகிற தறப்பாளும் கயிறும் வெளியே தொங்குகிற சின்னக் கடை. வெள்ளைத் தொப்பி போட்ட முதலாளி நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்), நான் கேட்ட நாலு அங்குலப் பைப்பின் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

“இந்தக் கட்டத் துண்டு என்னத்துக்கு தங்கச்சி? குழாய்க்கும் காணாதே.”

“கத்திக்கு உறை செய்ய, நானா.”

“கத்திக்கா! பைப்புலயா!”

அத்தான் கதையைச் சொன்னேன். அவர் பலகைக் கத்தியை வாங்கி, அதற்கு அளவான வேறொரு பைப் துண்டுக்குள் செருகி, இடுப்பில் கட்டிய சாரத்தில் குத்திக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினார். வலது கையால் இழுத்தார். பைப்பும் சேர்ந்து வந்தது. திரும்பச் செருகினார், திரும்ப இழுத்தார். கடைக்கு வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள், அவர் கவலைப்படவில்லை. ஐந்தாறு தரம் ஆன பிறகு முகம் மலர்ந்தது.

“பெருவிரல் ஊண்டுறதுக்கு வாய்ப்பக்கம் ஒரு மேடு விடுங்க தங்கச்சி. விரலால உறையக் கீழ தள்ளினா கத்தி தானா மேல வரும். இழுக்கத் தேவல்ல.”

எனக்கு அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது. இரண்டு நாளாக நான் மண்டையை உடைத்த விஷயம்! ஆணி, ரிவெட் எல்லாம் வேண்டாம் என்று, தறப்பாள் ஓரத்தில் கயிறு கோக்க அடிக்கிற பித்தளை வளையங்களையும் அவரே எடுத்து வைத்தார். துருப்பிடிக்காது, அதன் ஓட்டைக்குள்ளாலே இடுப்புக் கயிறும் கோத்துக்கொள்ளலாம். வளையம் அடிக்கிற அச்சை வாடகை வாங்காமல் ஒரு நாளைக்குத் தந்தார். முன்பின் தெரியாத என்னை நம்பி!

திரும்பி வரும்போது ஆரையம்பதியில் ஒரு அம்மா தாச்சியில் சூடான மணல் போட்டுக் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். ஒரு கடதாசிச் சரை வாங்கி உரித்தேன். ஒரு பருப்பிலும் கருகல் இல்லை. நெருப்பில் நேராகக் காட்டினால் பைப் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் விறைத்து நிற்கும், அதுதான் எனக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. சூடான மணலுக்குள் புதைத்தால்? வீட்டுக்கு வந்து அக்காவின் பழைய தாச்சியில் கடற்கரை மணலைச் சுடவைத்துப் பார்த்தேன். பைப் துண்டு ஒரே சீராக இளகி, ரொட்டி மாதிரி மடிந்தது.

செய்யப் போகிறவர்களுக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அடிப் பைப் நூற்றிருபது ரூபா, வளையம் ஒன்று ஐந்து ரூபாப்படி எட்டு. பைப்பை நீளத்துக்கு அறுத்து, சூடான மணலில் புதைத்து, இளகியதும் விரித்துப் பலகைக் கத்தியைச் சுற்றி மடித்து, பழைய றப்பர்ச் செருப்பு இரண்டை மேலும் கீழும் வைத்து, பலகையால் அமர்த்தி ஏறி நில்லுங்கள். ஆறும்வரை இறங்க வேண்டாம். பிறகு வாய்ப்பக்கம் பெருவிரலுக்கு மேடு விட்டு வெட்டி, திறந்த ஓரத்தில் வளையங்களை அடியுங்கள். புகை வந்தால் மணல் கூடச் சுட்டுவிட்டது, அந்தப் புகை கூடாது, வெளியில் வைத்தே செய்யுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை கட்டாயம். காத்தான்குடிக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கடைகள் பூட்டு. அச்சைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள், நான் முந்திரியம்பழம் கொண்டுபோனேன்.

பின்னேரம் உறையும் கத்தியும் அக்காவின் கைக்குப் போயின. கொடிக் கயிற்றில் தலைகீழாகக் கட்டி உலுப்பினாள். விழவில்லை. பேயை உலுப்புவது போல உலுப்பினாள். அப்பவும் விழவில்லை. அத்தானை இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போய், காலில் பழைய வலையைத் தானே சுற்றி, “விழுங்க” என்றாள். விழுந்தார். அவர் எழும்பியபோது கையில் கத்தி இருந்தது, கால் விடுபட்டிருந்தது, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் துடுப்பை எடுத்து வெளியே சாத்தி வைத்தாள்.

விடியக்காலை மூன்று பேரும் கரைக்குப் போனோம். அத்தான் தோணியில் ஏறி, வலையை ஏற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். உறையோடு கத்தி அவளிடம்தான் இருந்தது. வழக்கம்போல் எங்காவது கீழே வைப்பாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீருக்குள் இறங்கிப் போய் அதை நேரே அவருடைய கையில் கொடுத்தாள்.

அத்தான் திகைத்துப் போனார். “என்ன, கையில தாறா? சண்டை வருமே.”

“வரட்டும்,” என்றாள் அக்கா. “சண்டை பிடிக்கவெண்டாலும் திரும்பி வாங்க.”

பத்து மணிபோல வந்தார். கொண்டுவந்த நண்டைக் கறி வைப்பதா, சந்தைக்குக் கொடுப்பதா என்று இரண்டு பேரும் நல்ல சண்டை.