அவரைப் பற்றி நான் சொன்ன சாட்சி

சாட்சி சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது என்று பொன்மலையில் எங்கள் சபையில் ஒரு காலத்தில் பேர் வாங்கியிருந்தேன். பெண்கள் ஐக்கியக் கூட்டமோ உபவாச ஜெபமோ, எதுவானாலும் "டீச்சர், நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்பார்கள். "எனக்கென்ன தகுதி இருக்கு, எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று ஒரு தடவை இழுத்துவிட்டுத்தான் மைக்கை வாங்குவேன்.

கர்த்தர் எனக்குச் செய்த நன்மை என்று நான் சபை முன் சொன்ன சாட்சி என் கணவரைப் பற்றியது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணமாகி முதல் ஒன்பது வருஷம் குடித்தார். ஒரு சம்பள நாளன்று பணிமனைக்கு எதிரே, சாக்கடையோரம் சைக்கிளோடு விழுந்து கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேண்ட் நனைந்திருந்தது. மறுநாளே உபவாசம் ஆரம்பித்தேன். நாற்பது நாள் ஜெபித்தேன். அதற்குள் குடியை விட்டவர் பிறகு தொடவே இல்லை. இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. ஆனால் அந்த நாற்பது நாளும் கை நடுங்கி, தூக்கமில்லாமல் வியர்த்துக் கொட்டிக் கிடந்தது அவர். அதை மட்டும் நான் சாட்சியில் சேர்த்ததில்லை.

நனைந்த பேண்டைச் சொல்லும் இடத்தில் சற்று நிறுத்த வேண்டும் என்பது எனக்கு இரண்டாவது வருஷமே பிடிபட்டுவிட்டது. அங்கே நிறுத்தினால் முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வரும். அவர் கடைசி பெஞ்சில், கதவோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று நான்கு வருஷத்தில் உள்ளே வருவதையே நிறுத்திக்கொண்டார். கேட் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் நிற்பார். "அவருடைய கடின இருதயம் உடையணும், ஜெபிச்சுக்குங்க" என்று அதற்கும் ஒரு விண்ணப்பம் வைத்தேன். என் பக்தி அப்படிப்பட்டது.

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சபைக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்றேன். என்றைக்கும் எதையும் வேண்டும் என்று கேட்காத மனிதர், ஸ்ரீரங்கம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"கோயில் ஊர்ல நமக்கு என்னங்க வேலை?"

"அங்க நம்மள யாருக்கும் தெரியாதுல்ல."

எனக்கு அது உறைக்கவில்லை. கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அனுப்புகிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் சின்ன வீடு. கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரும் மாமியும். தண்ணீர் மோட்டாரை இவர் சரிசெய்து கொடுத்ததில் பழக்கமாகி, தினமும் விடிந்ததும் இரண்டு பேரும் காவேரிப் படித்துறை வரை நடந்துவிட்டு வருவார்கள். "சார், கிளம்பலாமா?" என்று கீழேயிருந்து குரல் வரும். முப்பத்தைந்து வருஷம் பணிமனையில் யாரும் இவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அந்தக் குரலுக்காக சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு தயாராக நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் மாமியோடு பேசிக்கொண்டிருந்தேன். "உங்காத்துக்காரர் மாதிரி நிதானமான மனுஷாள நான் பாத்ததே இல்ல" என்றாள். நல்ல வார்த்தைதான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. என் நாற்பது நாள் உபவாசம் எங்கே போயிற்று என்று இருந்தது.

"அந்த நிதானம் எப்படி வந்துச்சு தெரியுமா மாமி?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் செய்தேன். மாமி அழவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "இன்னைக்கு மாமிகிட்ட சாட்சி சொன்னேங்க."

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"இங்கயுமா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கீழேயிருந்து வழக்கம்போல குரல் வந்தது. "கால் வலிக்குதுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னார். ஒரு வருஷத்துக்குக் கால் வலித்தது. வாத்தியார் கூப்பிடுவதை விடவில்லை. சார் என்பதையும் மாற்றவில்லை. இவருக்குத்தான் படியிறங்கி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. தாமதமாகத்தான் புரிந்தது, ஆனாலும் அவர் உயிரோடு இருக்கும்போதே புரிந்துவிட்டது. முழங்காலில் நின்று கர்த்தரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். கர்த்தரிடம் கேட்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. பக்கத்து அறையில் படுத்திருந்தவரிடம்தான் வாய் வரவில்லை. காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று போவேன். "சர்க்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பாடம் நடத்தினவள், புருஷனிடம் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வதா என்று உள்ளே ஒன்று தடுத்தது. ஒரு காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

அடக்க ஆராதனை பொன்மலையில், எங்கள் சபையில் நடந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அவர் உள்ளே வந்தார். பணிமனை ஆட்கள் வந்திருந்தார்கள். வாத்தியாரும் மாமியும் பஸ் மாறி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் பின்னால் நின்றார்கள். போதகர் இளையவர், என்மேல் மரியாதை உள்ளவர். பிரசங்கத்தில், "சாக்கடையில் கிடந்த ஒரு மனிதனை இந்தத் தாயாரின் ஜெபம் எப்படித் தூக்கி எடுத்தது தெரியுமா" என்று தொடங்கினார். சைக்கிள், ஆட்டோ, நனைந்த பேண்ட், எல்லாம் வந்தது. நான் நிறுத்தும் இடத்தில் அவரும் நிறுத்தினார். பெட்டியை இன்னும் மூடியிருக்கவில்லை.

எழுந்து, "போதும், நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கலாம். நான்கடி தூரத்தில்தான் மைக் இருந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்தாள். "இவ்வளவு செஞ்சுட்டும் எவ்வளவு தாழ்மையா இருக்கீங்க டீச்சர்" என்றாள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை.