நுரையீரலில் மின்னிய பால்

ஸ்கேன் அறையில் படம் எடுப்பவளுக்கு ‘அசையாதே அக்கா’ என்று பட்டப்பெயர். அவள் ஓர் அதட்டல் போட்டால் சுவரில் ஓடும் பல்லியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம்.

அன்று வந்த குழந்தைக்கு மறுபடி மறுபடி நிமோனியா. குடித்த பால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். படத்தில் மின்னும் மருந்தைப் பாலில் கலந்து புகட்டி, அக்கா படம் எடுத்தாள். வயிறு மட்டுமே மின்னியது.

“ஒண்ணுமில்லல்ல? கிளம்பலாமா?” என்றார் அப்பா.

“அவசரத்துக்குப் பொறந்தவரே, பால் மெதுவாத்தான் மேல ஏறும், சாயங்காலம் இன்னொரு படம் பாக்கி இருக்கு. உட்காருங்க!”

வெளியே அம்மா குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

“வீட்லயும் இப்படித்தானா?” என்று அக்கா கேட்டாள்.

“இல்லக்கா, குடிச்சதும் தொட்டில்ல போட்டுடுவேன்.”

“அப்ப இங்கயும் படுக்கப் போடு தாயே, என் கண்ணு முன்னாலயே. தூக்கியே வெச்சிருந்தா திருட்டுப் பால் எப்படி மாட்டும்?”

குழந்தை மல்லாந்து தூங்கியது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்தார். அக்கா மசியவில்லை.

சாயங்காலப் படத்தில் வலது நுரையீரலில் ஒரு பொட்டு மின்னியது.

“மாட்டிக்கிச்சு! இனிமே டாக்டர் சளியோட நிக்காம, எதுக்களிப்புக்கே வைத்தியம் பாப்பார்” என்றாள் அக்கா.

டாக்டர் வரும்வரை அப்பா நாற்காலியை விட்டு அசையவே இல்லை.